திமிங்கலம் கடலுக்குப் போன சாயங்காலம்

ஆரோனுக்குக் கிடைத்த வேஷம் செத்துப்போன டைனோசர்.

மேடைக்கு வர வேண்டும், நாலு எட்டு நடக்க வேண்டும். வானத்திலிருந்து விண்கல் விழும். உடனே தொப்பென்று சாய வேண்டும். அதற்குப் பிறகு நாடகம் முடியும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், டைனோசர் செத்த பிறகுதான் நாடகமே தொடங்குகிறது.

பள்ளி ஆண்டு விழாவுக்காக அறிவியல் ஆசிரியர் எபி சார் எழுதிய நாடகம் அது. பேலியோஜீன் என்று ஒரு காலம். ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்து, நாலு கோடி வருஷத்துக்கு மேல் நீடித்தது. சார் அதைக் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவதாகத் தலைமை ஆசிரியைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

"எனக்கு மட்டும் ஏன் சார் செத்த வேஷம்?" என்று கேட்டான் ஆரோன்.

சார் அவனைச் சும்மா பார்த்தார். ஐந்தாம் வகுப்பே அவனைப் பார்த்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

ஆரோனால் அசையாமல் இருக்க முடியாது. போன வருஷம் மரம் வளர்ப்பு நாடகத்தில் அவன்தான் மரம். பாதி நாடகத்தில் அந்த மரம் குனிந்து முழங்காலைச் சொறிந்துகொண்டது. குனிந்ததுதான் குனிந்தோம் என்று ஷூ லேஸையும் கட்டிக்கொண்டது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸில் அவன் ஆடு. தொழுவத்தில் படுத்திருக்க வேண்டிய ஆடு எழுந்து போய் மைக்கை முகர்ந்து பார்த்தது. அந்த மூச்சு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

"இதான் கடைசி சான்ஸ் ஆரோன்," என்றார் எபி சார். "விழணும். கிடக்கணும். வேற வேலை இல்ல. இதுலயும் அசைஞ்சேன்னா உனக்கு இனி மேடையே கிடையாது. ஸ்கூல் முடிக்கிற வரைக்கும் குப்புராஜ் அண்ணாகூட நின்னு திரை இழுக்க வேண்டியதுதான்."

குப்புராஜ் அண்ணா பள்ளிக்கூடத்தின் காவலாளி. ஆண்டு விழா அன்று மட்டும் திரைக் கயிறு அவர் கையில் இருக்கும். அவர் நல்லவர்தான். ஆனால் திரைக்குப் பின்னால் நிற்பவருக்கு நாடகம் தெரியாது. கயிறுதான் தெரியும்.

ஆரோனுக்கு மேடை வேண்டும். அந்தப் பலகையின் தூசி வாசனை வேண்டும். முகத்தில் விழும் சூடான வெளிச்சமும், அதற்கு அப்பால் இருட்டில் மூச்சுவிடும் கூட்டமும் வேண்டும். அதற்காகச் சாவதற்கும் அவன் தயாராக இருந்தான்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் கூடத்தின் நடுவில் விழுந்து கிடந்தான். அவனைச் சுற்றி அம்மா பெருக்கினார். அப்பா அவனைத் தாண்டிப் போய் செய்தித்தாளை எடுத்தார். அக்கா ஜோசலின் அவன்மேல் தன் புத்தகப் பையை வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனாள். அவள் எட்டாம் வகுப்பு. அதே நாடகத்தில் மைக்கில் கதை சொல்பவள் அவள்தான்.

"மூச்சு விடுறது தெரியுதுடா," என்றாள் திரும்பி வந்து.

"மூச்சும் விடக்கூடாதா?"

"கொஞ்சமா விடு."

கொஞ்சமாக மூச்சுவிட அவன் கற்றுக்கொண்டான்.

உடை விஷயம் சாராள் டீச்சர் பொறுப்பு. பள்ளியை ஒட்டி ஒரு தேவாலயம். அதன் பின்னறையில் ஒரு இரும்பு பீரோ. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கென்று தைத்த உடைகள் எல்லாம் அதற்குள் இருந்தன. பள்ளியில் எந்த நாடகம் போட்டாலும் அந்த பீரோவுக்குள் அடங்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். சுதந்திர தின நாடகத்தில் தியாகிகள் மேய்ப்பர் அங்கி போட்டுக்கொண்டு சிறைக்குப் போனார்கள். மழைநீர் சேகரிப்பு நாடகத்தில் கிணறு கிரீடம் வைத்திருந்தது.

"விண்கல்லுக்கு என்ன டீச்சர் பண்ணலாம்?" என்று கேட்டார் எபி சார்.

"ஸ்டார் இருக்கே. பெரிய ஸ்டார். உள்ள லைட்டெல்லாம் எரியும்."

"அது வழிகாட்டுற நட்சத்திரம் டீச்சர். இது வந்து மோதுற கல்."

"வேகமா இறக்கினா கல்லு," என்றார் டீச்சர்.

நடக்கும் திமிங்கலத்துக்கு ஆட்டுத் தோல் போட்டார்கள். இதற்கு மட்டும் சார் மறுப்பே சொல்லவில்லை. ஏனென்றால் பேலியோஜீன் காலத்துத் திமிங்கலம் முதலில் கரையில்தான் வாழ்ந்தது. நாலு கால், ஓநாய் அளவு உடம்பு. குளம்புள்ள விலங்குகளுக்கு நெருங்கிய சொந்தம். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கி, கால்களை மறந்து, கடலோடு போய்விட்டது.

அந்தத் திமிங்கலம் ஏஞ்சல். ஒன்றாம் வகுப்பு. ஆரோன் வீட்டுக்கு அடுத்த தெருதான். அவளுக்குச் சட்டதிட்டம் மிக முக்கியம்.

முதல் ஒத்திகையிலேயே அவள் கையைத் தூக்கினாள். "சார், செத்தவங்க பேசலாமா?"

"பேசக் கூடாது ஏஞ்சல்."

"ஆரோன் அண்ணா இப்ப ஆல்வின் அண்ணாகிட்ட பேசுச்சு சார்."

ஆல்வின் முதலை வேஷம். அன்றிலிருந்து ஆரோன் சாரைவிட ஏஞ்சலுக்குத்தான் அதிகம் பயந்தான்.

ஆண்டு விழா வந்தது. மைதானத்தில் பந்தல் போட்டு, மேடை கட்டி, விளக்குகள் மாட்டியிருந்தார்கள். சாயங்கால வெயில் இறங்கி, இருட்டத் தொடங்கியிருந்தது. முதல் வரிசையில் தேவாலயத்துப் பெரியவர் ஏசுபாதம் ஐயா உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால், பக்கத்தில் இருப்பவர் காதோடு பேசுவதாக நினைத்து அவர் பேசுவது மைதானம் முழுக்கக் கேட்கும்.

முதுகில் முட்டை அட்டைகள் தைத்த பச்சைப் போர்வையோடு ஆரோன் திரைக்குப் பின்னால் நின்றான். குப்புராஜ் அண்ணா அவனைக் கண்டதும் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டார்.

"இன்னா தம்பி, ரெடியா? எப்ப சாவப் போற?"

"வந்த உடனேயே அண்ணா."

"நல்லா பண்ணு."

திரை விலகியது. டைனோசர் நாலு எட்டு நடந்தது. மேலே நட்சத்திரம் எரிந்தது.

"ஸ்டார் வந்துட்டுது. ராஜாக்கள் எங்க?" என்றார் ஏசுபாதம் ஐயா.

நட்சத்திரம் சர்ரென்று இறங்கியது. ஆரோன் விழுந்தான். விளக்குகள் அணைந்தன.

இருட்டில் ஜோசலின் குரல் மட்டும் கேட்டது. "புகையும் தூசியும் சூரியனை மறைத்தன. செடிகள் வாடின. பெரிய விலங்குகளுக்குச் சாப்பிட எதுவும் இல்லை. வளைக்குள் ஒளிந்த சின்ன விலங்குகள் மட்டும் காத்திருந்தன."

ஆரோனின் கன்னம் பலகையில் பதிந்திருந்தது. கண்கள் மூடியிருந்தன. வீட்டில் ஜோசலின் இதை நூறு தடவை படித்துக் கேட்டிருக்கிறான். ஆனால் வீட்டில் இப்படி இருட்டாக இல்லை. இங்கே அவளுடைய குரல் பலகை வழியாக ஏறி நேராக அவன் காதுக்குள் வந்தது. அது அவன் அக்காவின் குரல் மாதிரியே இல்லை. பூமி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது போல இருந்தது.

"சாம்பலிலிருந்து முதலில் பெரணிச் செடிகள் எழுந்தன."

எழுந்தன. ஆரோனின் மூக்குக்குப் பக்கத்தில் சுருள் சுருளாக, பச்சையாக, ஓசையில்லாமல். அவற்றுக்குள் எலி மாதிரி ஒன்று வந்து, அவன் இறந்துவிட்டானா என்று முகர்ந்து பார்த்தது. அவன் கொஞ்சமாக மூச்சுவிட்டான். அது திருப்தியாகப் போய்விட்டது.

"அப்போது இந்தியா ஒரு தீவு. தனியாக, கடல் நடுவில், வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நம் தலைமுடி வளரும் வேகத்தில்."

தீவு கிளம்பியது. ஆரோனுக்கு அது அடிவயிற்றில் தெரிந்தது, ரயில் புறப்படும்போது தெரிவது போல. தாம்பரம் இன்னும் வரவில்லை. பாலமும் இல்லை, ஸ்டேஷனும் இல்லை. பல்லாவரம் மலை மட்டும் இருந்தது. அந்தக் கல் டைனோசரைவிட எவ்வளவோ மூத்தது என்று சார் சொல்லியிருந்தார். அவன் அந்த மலைமேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போனான். போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாருக்கும் அவசரம் இல்லை. போய் இடித்தால்தான் இமயமலை.

வெப்பம் ஏறியது. உலகம் முழுக்க ஏப்ரல் மாதம். வட துருவத்தில் பனியே கிடையாது. அங்கே ஈச்ச மர ஓலை போல ஏதோ ஆடியது. அதன் நிழலில் ஒரு முதலை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது. முதலையின் முகம் ஆல்வின் முகம் போல இருந்தாலும், ஆரோன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நாயளவு குதிரை ஒன்று அவன் கையைத் தாண்டிப் போனது. பேருந்தைவிட நீளமான பாம்பு மெதுவாகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அதன் வால் வருவதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்தது.

முழங்கால் அரிக்கவில்லை. ஷூ லேஸ் நினைவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஆரோன் அசையாமல் இருந்தான். அது அவனுக்கே தெரியவில்லை.

"நடந்து திரிந்த அந்த விலங்கு மெல்லக் கடலை நோக்கிச் சென்றது," என்றது குரல்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"நடந்து திரிந்த அந்த விலங்கு," என்று குரல் மறுபடியும் சொன்னது, "மெல்லக் கடலை நோக்கிச் சென்றது."

இது பூமியின் குரல் அல்ல, அக்காவின் குரல். கோபத்தை அடக்கும்போது அவள் அப்படித்தான் பேசுவாள். ஆரோன் ஒரு கண்ணை மயிரிழை அளவு திறந்தான். விளக்குகள் மறுபடியும் எரிந்துகொண்டிருந்தன.

அவன் மூக்குக்கு நேராக ஏஞ்சல். ஆட்டுத் தோலுக்குள், கையையும் முழங்காலையும் ஊன்றியபடி நின்றுவிட்டிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது கடலை.

கடல் என்பது சாராள் டீச்சரின் இரண்டு நீலப் புடவைகள். மேடை ஓரத்தில் எட்டாம் வகுப்பு அக்காக்கள் நுனிகளைப் பிடித்து ஆட்டுவார்கள். ஒத்திகையில் அது சின்னதாக, துணி காய்வது போல ஆடும். இன்றைக்குப் பந்தல்காரர் கீழே ஒரு பெரிய மின்விசிறியைப் போட்டிருந்தார். புடவைகள் ஆள் உயரத்துக்கு எழுந்து, பட்பட்டென்று அடித்து, சரிந்து, மறுபடியும் எழுந்தன.

"பாவம், காணாமப் போன ஆடு," என்றார் ஏசுபாதம் ஐயா. "மேய்ப்பனைத் தேடுது."

ஏஞ்சலின் கீழுதடு நடுங்கத் தொடங்கியது.

ஆரோன் உதட்டை அசைக்காமல் பேசினான். "ஏஞ்சல். போ."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீ செத்துட்டே அண்ணா. பேசாத."

நல்ல வேளை, மைக் தூரத்தில் இருந்தது.

"சரி, பேசல. நீ போ."

"ஆழமா இருக்கு."

"புடவைதான ஏஞ்சல்."

"இன்னிக்கு ஆழமா இருக்கு," என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் பலகையில் விழுந்தது. அடுத்தது தயாராக இருந்தது.

ஓரத்தில் ஜோசலின், "அது மிக மிக மெல்லச் சென்றது. பல லட்சம் ஆண்டுகள் ஆயின," என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் அவளிடமும் ஆண்டுகள் இல்லை. மறுபக்கத் திரை ஓரத்தில் எபி சார் நின்றார். அவர் பார்ப்பது ஏஞ்சலை அல்ல, தன்னை என்று ஆரோனுக்குத் தெரிந்தது.

எழுந்தால் மேடை போச்சு. எழாவிட்டால் அந்தக் குழந்தை இத்தனை பேருக்கு முன்னால் அழுவாள். அடுத்த வருஷம் அவளே மேடைக்கு வர மாட்டாள்.

கயிறும் ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை என்று ஆரோன் நினைத்துக்கொண்டான்.

ஆனால் செத்தவன் எழுந்து வந்தால் ஏஞ்சல் விடுவாளா? சட்டம் பேசுவாள். அப்போதுதான் அவனுக்கு வகுப்பில் நடந்தது ஒன்று ஞாபகம் வந்தது. ஜன்னலில் உட்கார்ந்து யாருடைய டிபனையோ பார்த்துக்கொண்டிருந்த காக்கையைக் காட்டி, டைனோசர் குடும்பத்தில் மிச்சம் இருப்பது இவர்கள்தான் என்று சார் சொல்லியிருந்தார்.

"ஏஞ்சல், நான் சாகல," என்றான்.

"பொய்."

"எல்லா டைனோசரும் சாகல. கொஞ்சம் பேர் பறவையா இருந்து தப்பிச்சாங்க. நான் அந்தக் கூட்டம்."

அவள் யோசித்தாள். "கோழியா?"

"தண்ணிக்கோழி. பள்ளிக்கரணையில பஸ்லேர்ந்து பாப்பமே, கருப்பா, நெத்தியில வெள்ளையா. அது. எவ்ளோ ஆழத்துலயும் போகும்."

"முங்காதா?"

"முங்கிட்டு மேல வந்துடும். என் பின்னாடி வா."

ஏஞ்சல் அவன் முதுகில் இருந்த முட்டை அட்டைகளைப் பார்த்தாள். அத்தாட்சி போதுமானதாக இருந்தது. தலையாட்டினாள்.

செத்த டைனோசர் எழுந்து உட்கார்ந்தது. கூட்டத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். அது கைகளை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது. கழுத்தை ஒரு முறை முன்னே நீட்டி, பின்னே இழுத்தது. பிறகு, தண்ணீரில் மிதப்பது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கடல் பக்கம் நடந்தது. பின்னாலேயே திமிங்கலம் கையும் முழங்காலுமாக வந்தது.

"பாத்தியா, அவன்தான் மேய்ப்பன்," என்றார் ஏசுபாதம் ஐயா. "இவ்ளோ நேரம் தூங்கிட்டிருந்திருக்கான்."

மைதானம் சிரித்தது. ஜோசலின் தாளைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அப்புறம் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"எல்லா டைனோசர்களும் அழியவில்லை," என்று மைக்கில் சொன்னாள். "ஒரு சின்னக் கூட்டம் இறகோடு தப்பியது. இன்றைக்கும் நம் வீட்டு மொட்டை மாடியில் வடகத்தைக் கொத்திக்கொண்டு போகிறது."

புடவை எழுந்தது. பறவை குனிந்து உள்ளே போனது. அடுத்த அலைக்குத் திமிங்கலமும் போய்விட்டது. கைதட்டல் கேட்டது.

கடலுக்குள் எல்லாமே நீலம். மேலே மேடை விளக்கு, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கும் சூரியன் மாதிரி கரைந்து தெரிந்தது. புடவை தலைக்கு மேல் எழும்போது நீலம் வெளுத்தது. இறங்கும்போது இருண்டது. இரண்டு பேரும் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். விசிறிக் காற்று குளிர்ந்தது. ஏஞ்சல் அழுததை மறந்துபோனாள்.

வெளியே ஜோசலினின் குரல் மறுபடியும் பூமியின் குரலாகிவிட்டது. தென் துருவத்தில் பனி பிடிக்கத் தொடங்கியதாம். காடுகள் சுருங்கினவாம். வெப்பத்துக்குப் பழகிய எத்தனையோ விலங்குகள் போக்கிடமில்லாமல் மறைந்தனவாம். மேடையில் வெள்ளைத் துணிகள் ஒவ்வொன்றாக விழுவதைப் புடவைக்கு இந்தப் பக்கமிருந்து அவர்கள் பார்த்தார்கள். நீலத்துக்குள் அவை மேகம் போலத் தெரிந்தன. வட துருவத்து முதலை மெதுவாக எழுந்து, ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. ஆல்வின் அதை நன்றாகச் செய்தான்.

"அது எங்க போகுது?" என்று ஏஞ்சல் மெதுவாகக் கேட்டாள்.

"கதகதப்பா இருக்கிற ஊருக்கு."

"நம்ம ஊருக்கா?"

"இருக்கலாம்," என்றான் ஆரோன்.

நாடகம் முடிந்தது. குப்புராஜ் அண்ணா திரையை இழுத்தார். எபி சார் நேராகக் கடலுக்கு வந்து, புடவையின் ஓரத்தைத் தூக்கினார்.

"நீ அசைஞ்சே," என்றார்.

"ஆமா சார்."

"எழுந்து நடந்தே. பேசினே. கழுத்தை வேற ஆட்டினே."

"ஆமா சார். குப்புராஜ் அண்ணாகிட்ட போயிடறேன் சார்."

சார் தலையைச் சொறிந்தார். நாடகப்படி அது தப்பு. அறிவியல்படி அது சரி. இரண்டுக்கும் அவரே ஆசிரியர் என்பதால் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"அடுத்த வருஷம் காத்து பத்தி நாடகம் எழுதப் போறேன்," என்றார் கடைசியில். "காத்து வேஷத்துக்கு ஆள் வேணும். ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. உன்னால முடியுமா?"

ஆரோன் முடியும் என்றான். சொல்லும்போதே காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

சாராள் டீச்சர் வந்தார். மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு அந்த நீலப் புடவைகளில் ஒன்றைத்தான் கட்டுவதாக இருந்தார். புடவையை எடுத்து மடிக்கப் போனார். நடுவில் ஒரு மேடு இருந்தது.

"ஏஞ்சல், எழுந்து வா கண்ணு. டிராமா முடிஞ்சுது. அம்மா வந்திருக்காங்க."

"வர மாட்டேன்," என்றது மேடு. "திமிங்கலம் கடலுக்குப் போனதுக்கப்புறம் திரும்பி வந்துச்சா சார்?"

எபி சார் யோசித்தார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"இல்ல," என்றார். "ஒண்ணுகூட வரல."

மேட்டுக்கு அது போதும். அது இன்னும் கொஞ்சம் சுருண்டு படுத்துக்கொண்டது. சார் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பெருமூச்சு விட்டு, கல்யாணத்துக்குப் பச்சைப் புடவையே போதும் என்று முடிவு செய்தார்.

அன்றைக்குக் கடலை யாராலும் மடிக்க முடியவில்லை.